பனைக்குப் பிளாஸ்டிக் சுற்றாதீர்கள், தயவுசெய்து

இந்த ஏப்ரலிலும் அதே அழைப்பு. லண்டனில் ஹாரோ பக்கத்தில் ஒரு அக்கா. “தம்பி, நவம்பர்லயே பபிள்ராப் சுத்தி, மேல கறுப்புப் பையும் போட்டுப் பத்திரமாத்தான் வைச்சனான். இண்டைக்குத் திறந்து பார்த்தா நடுக்குருத்து கையோட கழண்டு வருது. அப்பிடியொரு நாத்தம். இந்த முறை குளிர் கூடத்தான் என்ன?”

குளிர் அதிகமில்லை. அவர் வீட்டுக்குப் பின்தெருவில் அதே இனப் பனை ஒரு முழத்துணிகூட இல்லாமல் நின்று பாளை தள்ளிக்கொண்டிருந்தது. அவருடைய மரம் பத்திரமாக வைத்ததால்தான் அழுகியது. அதை நேரே சொன்னால் மனம் நோகும், சொல்லாமல் விட்டால் அடுத்த மரத்துக்கும் இதே கதிதான். லண்டனில் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த ஒரே விளக்கத்தைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். இனி அழைப்பவர்களுக்கு இதையே அனுப்புவேன்.

நம் ஆட்கள் இங்கே வாங்குவது பெரும்பாலும் சூசான் பனை. கடைச் சீட்டில் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்று போட்டிருக்கும். விசிறி ஓலை, மயிர் படர்ந்த தண்டு. பார்த்த உடனே ஊர் நினைவு வரும், வாங்கிவிடுவோம். அதில் தப்பில்லை. அப்புறம் ஒக்டோபர் வந்ததும் ‘ஐயோ பாவம், வெப்பநாட்டு மரம்’ என்று ஒரு பதற்றம் வருகிறது பாருங்கள், அங்கேதான் பிழை நடக்கிறது.

முதலில், இது வெப்பநாட்டு மரமே அல்ல. சீனாவின் மலைச்சரிவுகளில் பனி விழும் இடங்களிலும் வளர்வது. தேயிலைச் செடிகளைச் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கடத்திய ராபர்ட் ஃபார்ச்சூன்தான் 1849இல் இதை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். இவ்வளவு காலமாக இங்கிலாந்தின் வெட்டவெளிகளில் நிற்கிற மரம். சுவிற்சர்லாந்தில் திச்சீனோ மாநிலக் காடுகளுக்குள் பறவைகள் இதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, அது களையாகவே மாறிவிட்டது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நாட்டில் இதை விற்கவே தடை. அல்ப்ஸ் அடிவாரத்தில் பிடுங்கப் பிடுங்க முளைக்கிற மரத்துக்கு ஹாரோவில் பபிள்ராப் எதற்கு?

இப்போது அந்தப் பிளாஸ்டிக்குக்கு வருவோம். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் குளிருக்குக் கோட் போடுகிறோம், மரத்துக்கும் போட்டால் சூடாக இருக்கும் என்பதுதான் எல்லோருடைய கணக்கும். கோட் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பு உண்டாக்கும் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மரத்துக்கு உடற்சூடு கிடையாது. பிளாஸ்டிக்குக்குள் பிடித்துவைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஓர் இரவு முழுக்க வெளியே மைனஸ் 6 இருந்தால், விடிவதற்குள் பைக்குள்ளும் ஏறத்தாழ அதுதான். இரண்டு சுற்றுச் சுற்றினாலும் அப்படித்தான், கொஞ்ச நேரம் பிந்தும்.

பிளாஸ்டிக் உண்மையில் பிடித்துவைப்பது ஈரத்தை. ஓலை நீராவி விடும், மண்ணிலிருந்தும் ஆவி ஏறும். வெளியேற வழியில்லாமல் அது பையின் உட்புறத்தில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, மட்டைகள் வழியே நடுக் குருத்துக்குள் போய்த் தேங்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை, நாள்தோறும். இடையில் பெப்ரவரியில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் பைக்குள் வெந்துபோகும், அன்று இரவே திரும்ப உறையும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட வசதியான வீடு கட்டிக்கொடுக்க முடியாது. குருத்து அடிவரை அழுகிப் போனால் மரம் போச்சு என்பதைத் தென்னையும் பனையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

“மேலே துளை போட்டுத்தான் வைத்தேன்” என்பார்கள். துளை வழியே மழை உள்ளே இறங்கும், உள்ளே வியர்த்த தண்ணீர் குருத்தில்தான் கிடக்கும். “பக்கத்து வீட்டுக்காரரும் சுற்றினார், அவருடைய மரம் நன்றாகத்தானே இருக்கிறது?” அது சுற்றாவிட்டாலும் இருந்திருக்கும். “யூடியூபில் ஒருவர் சுற்றிக் காட்டினார்.” அவர் கனடாக்காரராக இருப்பார், உள்ளே சூடேற்றும் கம்பியும் வெப்பமானியும் வைத்திருப்பார், அந்தப் பகுதியை நீங்கள் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பீர்கள்.

உறைபனியில் குருத்து சற்றுக் காயப்பட்டாலும், காய்ந்து இருந்தால் மரம் பெரும்பாலும் தேறிவிடும். நனைந்தே கிடந்தால் அந்தக் காயம் வழியே அழுகல் இறங்கும். தென்னையில் குருத்தழுகல் மழைக்காலத்தில்தானே பரவுகிறது? இங்கேயும் அதே கதைதான். லண்டன் வட்டாரத்தில் செத்த சூசான் பனை என்று நான் தோண்டி எடுத்தவற்றில் பெரும்பாலானவை ஈரத்தால் செத்தவை.

இந்த மரத்துக்கு ஏற்கெனவே சொந்த உடுப்பு இருக்கிறது. தண்டைச் சுற்றியிருக்கும் அந்த மயிர் நம் பன்னாடையேதான். சீனாவில் குடியானவர்கள் அதை உரித்து மழைக்கு மேலங்கி தைத்துப் போட்டார்கள். இங்கே சிலர், தண்டு வழவழவென்று தெரியவேண்டும் என்று கத்தியால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, டிசம்பரில் கடைக்குப் போய்த் துணி வாங்கி வந்து சுற்றுகிறார்கள். இதற்கு என்ன சொல்வது?

அடுத்து, கடைச் சீட்டு. ‘மைனஸ் 17 வரை தாங்கும்’ என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, முழங்கால் உயரக் கன்றை மொட்டைமாடித் தொட்டியில் வைப்பவர்கள் உண்டு. அந்த எண் யாருக்குப் பொருந்தும்? தரையில் வேரூன்றிச் சில ஆண்டுகள் ஆகி, தண்டு திரண்டு, வடிகாலுள்ள மண்ணில் நிற்கும் மரத்துக்கு. அதுவும் ஓரிரு இரவுகளுக்கு. பகலிலும் உறைநிலை மாறாமல் ஒரு வாரம் நின்றால் கணக்கே வேறு. தொட்டியில் வேர்கள் நாலு பக்கமும் குளிரில் நிற்கின்றன, தரைக்குள் இருக்கும் பாதுகாப்பு அங்கே இல்லை. நான் வாடிக்கையாளர்களிடம் சீட்டு சொல்லும் தாங்குதிறனில் 5 டிகிரியைக் குறைக்கச் சொல்வேன், மைனஸ் 17 என்றால் மைனஸ் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று என்றால் இன்னும் குறையுங்கள். இப்படிச் சொல்வதால் எனக்கு விற்பனை குறையும், பரவாயில்லை.

எந்த மரம் என்பதும் முக்கியம். 2022 டிசம்பரில் ஏறத்தாழ பத்து நாள் நின்ற உறைபனி லண்டன் தோட்டங்களுக்கு நல்ல பரீட்சை. அதில் நன்றாக அடிபட்டது கனேரியத் தீவுப் பேரீச்சை. ஓலைகள் எல்லாம் வைக்கோல் நிறமாகின, பல செத்தே போயின. மைனஸ் 5, 6க்குக் கீழே அதை நம்பவேண்டாம். நகர நடுவில், சுவரோரம், வேண்டுமானால் நடலாம். வாசிங்டோனியா என்ற விசிறிப் பனையும் அந்த ரகம்தான், மழைக் குளிரை அதற்குக் கண்ணில் காட்டக்கூடாது. மத்தியதரைக்கடல் குட்டைப் பனையான கேமராப்ஸ் மைனஸ் 10 அளவுக்குப் பிடித்து நிற்கும். பியூட்டியா என்ற பனையும் கிட்டத்தட்ட அப்படித்தான், வேரடியில் தண்ணீர் நிற்காவிட்டால். அமெரிக்காவின் ஊசிப் பனை மைனஸ் 20ஐயும் தாங்கும் என்று படித்துவிட்டு வரவழைக்கச் சொல்வார்கள். உண்மைதான், தாங்கும். ஆனால் அது ஜோர்ஜியா, புளோரிடா பக்கத்து மரம், வேக்காடான கோடை இருந்தால்தான் வளரும். இங்கிலாந்தின் கோடையில் அது சாகாது, வளரவும் வளராது, வருடத்துக்கு ஓர் ஓலை விட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். குளிரைத் தாங்குவது ஒன்று, வளரத் தேவையான வெயில் வேறொன்று.

காற்று அடிக்கிற இடம் என்றால் சூசான் பனையின் பெரிய ஓலை நார்நாராகக் கிழிந்து தொங்கும். அதற்கு வாக்னேரியானஸ் என்ற சிறிய, விறைத்த ஓலை வகையை வாங்குங்கள். பனை போலத் தெரியும் கோர்டிலைன், சைக்கஸ் இரண்டும் பனைக் குடும்பமே அல்ல, கடையில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சைக்கஸின் எல்லாப் பாகமும் நாய்க்கு நஞ்சு, விதை மிகவும் மோசம். வீட்டில் நாய் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

தென்னையும் நம் பனையும் வெளியே வளருமா என்று கேட்காதீர்கள். வளராது. போர்த்தினாலும் வளராது.

சரி, மூடவே கூடாதா? கன்றுக்கும் பேரீச்சைக்கும் மூடலாம், ஆனால் நாளறிந்து மூடுங்கள். மைனஸ் 6, 7 வரும் என்று வானிலை சொல்கிற அன்று ஓலைகளைக் கயிற்றால் மேல்நோக்கித் தளர்வாகக் கட்டி, தோட்டக் கடையில் விற்கும் மெல்லிய வெள்ளை ஃபிளீஸ் துணியைச் சுற்றுங்கள். அதற்குள் காற்றுப் போய்வரும். குளிர் அலை போனதும் அவிழ்த்துவிடுங்கள். மூன்று நாளோ ஐந்து நாளோ, அவ்வளவுதான். சோம்பல்பட்டு மார்ச் வரை விட்டால் ஃபிளீஸும் பிளாஸ்டிக் மாதிரித்தான். மழையை மறிக்கவேண்டும் என்றால் நாலு கம்பு நட்டு மேலே ஒரு தகடு போடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். குருத்துக்கு மேலே ஒரு கூரை போதும், சுவர் வேண்டாம். வேரடியில் ஒரு சாண் கனத்துக்கு மரப்பட்டைத் தூள் பரப்பலாம், தண்டில் முட்டவிடாமல்.

கிறிஸ்மஸ் விளக்குச் சரம் சுற்றினால் சூடு கொடுக்கும் என்று கேள்விப்பட்டு ஒருவர் எல்ஈடி சரத்தைச் சுற்றி வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சூடு கொடுத்தது பழைய இழை பல்புகள், இவை அல்ல.

நடும்போதே பாதி வேலை முடிந்துவிடும். லண்டனில் பல இடங்களில் களிமண். அதில் குழி தோண்டி, அடியில் சரளைக்கல் கொட்டி, ‘வடிகால் போட்டாச்சு’ என்று நினைப்பது இன்னொரு பழக்கம். களிமண் குழிக்குள் சரளை போட்டால் அது தண்ணீர்த் தொட்டி, வேறொன்றும் இல்லை. சுற்றுநிலத்தைவிட ஒரு சாண் உயர்த்தி மேடு போட்டு, அதன் மேல் நடுங்கள். ஒக்டோபரில் பாதி விலைக்குப் போடுகிறார்கள் என்று வாங்கி அன்றே நடாதீர்கள். பனை வேர் மண் சூடாக இருக்கும்போதுதான் ஓடும். மே, ஜூன்தான் காலம். வேர் வந்து வீட்டு அத்திவாரத்தை வெடிக்கவைக்குமோ என்ற பயம் சிலருக்கு. பனை வேர் கயிறு கனத்துக்கு மேல் பருக்காது. ஆனால் தலை விரிய இடம் வேண்டும், சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது விடுங்கள்.

பச்சை ஓலையை வெட்டாதீர்கள். தலையில் நாலு ஓலை மட்டும் விட்டு மொட்டையடிப்பது சவரக்கடை வேலை. முழுக்கக் காய்ந்து தொங்குவதை மட்டும் எடுங்கள்.

கெஞ்சிக் கேட்கும் ஒரு விஷயம். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ விடுமுறைக்குப் போய், அங்கே மலிவு என்று காரில் பனை ஏற்றிவராதீர்கள். ஊர்த் தென்னந்தோப்புகளை அழிக்கும் அதே சிவப்புக் கூன்வண்டு மத்தியதரைக்கடல் கரைப் பேரீச்சைகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பனைத் துளைப்பான் அந்துப்பூச்சியும் அங்கே இருக்கிறது. புழு தண்டுக்குள் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் செடியைக் கொண்டுவர சட்டமும் இடங்கொடாது. கடையில் வாங்கிய மரத்திலும் ஓலைகளில் வரிசையாகத் துளையோ, தண்டில் மரத்தூள் மாதிரிக் கசிவோ கண்டால் வெட்டிக் குப்பையில் போடாதீர்கள். படம் எடுத்து அரசின் தாவரச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவியுங்கள்.

இனி, ஏற்கெனவே குருத்துக் கழன்றவர்களுக்கு. உடனே கோடரியை எடுக்கவேண்டாம். அழுகிய பகுதியை விரலால் எடுத்து, குழியைத் துடைத்து, மழை விழாமல் மேலே அந்தக் கூரையைப் போடுங்கள். மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிலர் ஊற்றுவார்கள். நான் அதைவிடக் கூரையைத்தான் நம்புகிறேன். பச்சையாக மிஞ்சிய மட்டைகள் மரத்துக்குச் சாப்பாடு, அவற்றைத் தொடாதீர்கள். உரம் இப்போது வேண்டாம்.

குருத்துக் கழலாமல் நிறம் மட்டும் மங்கியிருந்தால், ஒரு மார்க்கர் பேனாவால் குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு வையுங்கள். ஜூன் வாக்கில் குருத்துக் கோடு மேலே நகர்ந்திருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கழன்ற மரத்தில் புது ஓலை ஜூலை, ஆகஸ்டில்தான் எட்டிப்பார்க்கும், அதுவும் முதலில் கோணலும் குட்டையுமாக. ஆகஸ்ட் முடிந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் அப்போது கூப்பிடுங்கள், வந்து தோண்டி எடுத்துத் தருகிறேன். புதுக் கன்றை அதே இடத்தில் உடனே வைக்கச் சொல்லாதீர்கள். குளிர்காலம் முழுக்க அந்தக் குழியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு, மே மாதம் மேடு போட்டு நடலாம்.