வாசித்தவரின் பெயரை எழுதுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சாக்ஸபோன் கலைஞர் சென்ற வாரம் என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். தேர்ப்பவனிகளிலும் கல்யாண ஊர்வலங்களிலும் பேண்டு வாத்தியக் குழுவோடு பல ஆண்டுகளாக வாசித்து வருபவர். இளைஞர் குழு ஒன்று அண்மையில் வெளியிட்ட ஜாஸ் தொகுப்பில் மூன்று உருப்படிகளில் ஒலிப்பது அவருடைய சாக்ஸபோன்தான். ஆனால் கைபேசியில் எவ்வளவு தேடியும் அவர் பெயர் எங்குமே இல்லை. "அண்ணே, இது நான் ஊதினதுன்னு என் மகளே நம்ப மாட்டேங்குறா" என்றார். இப்படி என்னிடம் வருபவர்களில் இந்த ஆண்டு இவர் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொகுப்பை வெளியிட்ட அந்த இளைஞர் குழுவின் தலைவரை அழைத்துக் கேட்டேன். "சம்பளம் கொடுத்துட்டோமே அண்ணே" என்பதே பதில். மண்டபத்திலிருந்து தொண்டி வரை நான் பதிவு செய்துகொடுத்த குழுக்களில் பாதிக்கு மேல் இதையே நம்புகின்றன. இது தவறு. சம்பளம் என்பது அன்றைய உழைப்புக்கான கூலி. வாசித்தது யார் என்ற உண்மையை அது வாங்கிவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தம் 38பி என்ற பிரிவைச் சேர்த்தது. கலைஞர் தம் உரிமையை முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், வாசித்தவர் தாமே என்று அடையாளம் காட்டப்பட வேண்டுமெனக் கோரும் உரிமை அவரிடமே இருக்கிறது என்கிறது அந்தப் பிரிவு. பெயரைச் சொல்ல இடமே இல்லாத வகையான பயன்பாடு மட்டும்தான் விதிவிலக்கு. ஆகவே பணம் கொடுத்த ரசீதைக் காட்டிப் பெயரை விட்டுவிட முடியாது. பணமே வாங்காமல் நட்புக்காக வாசித்தவருக்கும் இதே உரிமை உண்டு.

சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், ஜாஸ் வாசிக்கிறோம் என்று சொல்பவர்கள் இதைச் செய்வது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்த நொடியிலேயே கற்பனையாக வாசிக்கும் அந்த இசையில் உடன் வாசிப்பவர் மாறினால் இசையே மாறிவிடும். அமெரிக்காவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'கம்பாஷன்' தொகுப்பு 2024இல் வெளிவந்தது. அதில் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ. டிரம்ஸ் டைஷான் சோரி. இதே மூவர்தான் 2021இல் 'அன்ஈஸி' தொகுப்பையும் தந்தார்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பியானோவை மறந்துவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். எங்கே அடிக்கிறார் என்பதைவிட எங்கே அடிக்காமல் விடுகிறார் என்பதைக் கவனியுங்கள். இன்னொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் விஜய் ஐயரின் விரல்களும் வேறு வழியில் போயிருக்கும்.

2008இல் வெளியான 'கின்ஸ்மென்' நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத்தும் இரண்டு சாக்ஸபோன்களில் உரையாடும் பதிவு அது. அந்த இருவரோடு சேர்த்து வயலின் ஏ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவலூர் ஸ்ரீஜி, கிதார் ரெஸ் அப்பாசி, பேஸ் கார்லோ டி ரோசா, டிரம்ஸ் ராயல் ஹார்டிகன் என்று ஏழு பேரையும் என்னால் இன்று சொல்ல முடிகிறது என்றால், யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதி வைத்ததால்தான். நம் கோயில் திருவிழா நோட்டீஸில் தவில் வாசிப்பவரின் பெயரை ஊர்ப்பெயரோடு அச்சிடுகிறோம். கச்சேரி அழைப்பிதழில் கடம் வரைக்கும் பெயர் உண்டு. அந்த வழக்கம் கைபேசிக்கு வந்ததும் ஏன் நின்றுபோக வேண்டும்?

பதிவு தொடங்கும் முன்பே ஒரு தாள் எடுத்து, முழுப் பெயர், வாத்தியம், எந்த உருப்படி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயரின் எழுத்துகளை அவரிடமே கேட்டுச் சரிபாருங்கள். பாட்டை இணையச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் வாசித்தவர்களுக்கென்று தனி இடம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். இல்லையென்றால் விவரக் குறிப்பிலாவது எழுதுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் அடையாள எண்ணாகக் கிடைக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட ஐஎஸ்ஆர்சி குறியீட்டை வாசித்தவர்களுக்கும் அனுப்பி வையுங்கள். எல்லாம் என்னுடைய ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்; இந்த உப்புக் காற்றில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடிவைத்த மைக்குகளே எனக்குக் கெட்டுப்போயிருக்கின்றன.

வாசிக்கிற அண்ணன் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கூடத்தை விட்டுக் கிளம்பும் முன் "என் பெயர் எப்படி வரும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் அங்கேயே என்னைக் கூப்பிடுங்கள்.

அந்தக் குழுவினர் நேற்றுத் திருத்தம் அனுப்பச் சம்மதித்துவிட்டார்கள். சாக்ஸபோன் கலைஞரின் பெயர் சேர்ந்துவிடும். ஆனால் அதே தொகுப்பில் பேஸ் கிதார் வாசித்தவரின் முழுப் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் பழைய குறிப்பேடுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.