ஐந்து நட்சத்திரமும் ஒரு சல்லடையும்

"எந்த ஆப்பைத் திறந்தாலும் ரேட்டிங் கொடுங்கள் என்று நச்சரிக்கிறது. இதைத் தடை செய்தால் என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் எரிச்சல் புரிகிறது. போன மாதம் நான் பஸ் டிக்கெட் எடுக்கும்போது, ஓடிபியைப் போடுகிற நேரம் பார்த்து அந்தப் பெட்டி குறுக்கே வந்து நின்றது. மூடி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து. ஆனாலும் தடை செய்யச் சொல்ல மாட்டேன்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஆப்பை 1,000 பேர் பயன்படுத்துகிறார்கள். 100 பேருக்குக் கடும் கோபம், 1 ஸ்டார். 700 பேருக்கு 'நல்லாத்தான் இருக்கு', 4 ஸ்டார். 200 பேருக்கு ரொம்பப் பிடிக்கும், 5 ஸ்டார். எல்லோரும் சொன்னால் சராசரி 3.9.

யாரும் கேட்காவிட்டால் யார் எழுதுவார்கள்? காசு போனவர் தேடிப்போய் எழுதுவார். கோபக்காரர்களில் 20 பேர், பிடித்தவர்களில் 10 பேர், நடுவில் இருக்கும் 700 பேரில் 7 பேர் என்று வையுங்கள். சராசரி 2.65! ஆப் மாறவே இல்லை, பேசியவர்கள்தான் வேறு. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46 அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டுக்குப் போயின. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதைவிட, யார் சொன்னார்கள் என்பதுதான் பெரிது.

இப்போது ஆப் எல்லோரையும் கேட்கிறது. மூன்று தரப்பிலும் பத்தில் ஒருவர் பதில் சொல்கிறார். 10, 70, 20. சராசரி மறுபடி 3.9. வாயே திறக்காத அந்த நடு ஆட்களைப் பேச வைப்பது இந்தப் பெட்டிதான். எனக்கு இதில் மிகப் பிடித்த இடமும் இதுவே. (ஆப்பை அழித்துவிட்டுப் போனவரை அது கேட்கவே முடியாது. அந்த ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.)

அப்புறம்தான் சல்லடை வருகிறது. "எங்கள் ஆப் பிடித்திருக்கிறதா?" என்று முதலில் ஒரு கேள்வி. ஆம் என்றால் ஸ்டோருக்கு அனுப்புவார்கள். இல்லை என்றால் ஈமெயில் பெட்டிக்கு. கோபக்கார 10 பேரும் கழன்றுவிட, மிச்சம் 90 பேரின் சராசரி 4.2. அக்கறையாக விசாரிப்பதுபோல் இருக்கும், நடப்பது வடிகட்டல். இது ஏமாற்றுத்தான் என்பேன்.

கூகுள் 2020இல் ரிவ்யூ பெட்டியை ஆப்புக்குள்ளேயே காட்டும் வசதியைத் தந்தபோது, அதற்கு முன் இப்படிக் கருத்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று வழிகாட்டியது. ஆப்பிள் 2017இல் கொண்டுவந்த பெட்டி, ஓர் ஆப்புக்கு 365 நாளில் மூன்று முறைக்கு மேல் வராது. இந்த வரம்புகள் சரி. ஆனால் ரேட்டிங் எப்படிச் சேர்ந்தது என்ற தரவைப் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைகளுக்கும் திறந்துவிட வேண்டும். கடைக்காரரே தராசைச் சோதித்தால் போதாது.

வாசகர் வைத்திருப்பது ஐபோன் என்றால், செட்டிங்ஸில் ஆப் ஸ்டோர் பகுதிக்குப் போய் இந்தப் பெட்டியை மொத்தமாக அணைத்துவிடலாம். நான் அணைக்கவில்லை. டிக்கெட் கைக்கு வந்த பிறகு கேட்டால், 4 ஸ்டார் போட்டு, எது சரியில்லை என்று ஒரு வரியும் எழுதிவிடுகிறேன்.