“பத்து நிமிஷம்தானே ஆடப்போறார்” என்று சொல்வதை நிறுத்துங்கள்

கூடைப்பந்தில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் “பெஞ்சில் (மாற்று ஆட்டக்காரர் வரிசையில்) எனக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும்” என்று வாய் திறந்தால் போதும், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். யார் ஃப்ரீயாக இருக்கிறார், யார் குறைந்த சம்பளத்துக்கு வருவார், யாருக்குக் கோப்பை வென்ற அனுபவம் இருக்கிறது என்று அலசுவார்கள். “வயது 35 ஆச்சே” என்று யாராவது இழுத்தால் தயாராக ஒரு பதில் இருக்கும்: “பத்து நிமிஷம்தானே ஆடப்போறார்.” அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பற்றிப் பேசும்போதும் இதுதான், நம்மூர்ப் போட்டிக்கு கெஸ்ட் பிளேயர் கூட்டிவரும்போதும் இதுதான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. ஆட்டக்காரர்களின் உடலைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட எரிச்சல் தரும் பேச்சு வேறில்லை.

2017 ஜனவரியில் கிளீவ்லாந்து அணியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஆண்டு கோப்பை வென்ற கேவலியர்ஸ் அணி, ஜனவரி 23 அன்று நியூ ஆர்லியன்ஸிடம் 124-122 என்று தோற்றது. எதிரணியின் நட்சத்திரம் ஆந்தனி டேவிஸ் அன்று ஆடவேயில்லை. இங்கே கைரி எர்விங் 49 புள்ளி. லெப்ரான் ஜேம்ஸ் 26 புள்ளி, 10 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (கூடை விழக் கொடுத்த பாஸ்). அப்படியும் தோல்வி. மேலே சிலரை மட்டும் நம்பி நிற்கிற அணி இது, எங்களுக்கு இன்னொரு பிளேமேக்கர் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவர்) வேண்டும் என்று லெப்ரான் அன்றிரவே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அவர் கேட்டது நியாயம். முந்தைய சீசனில் மாற்றாக இருந்த மேத்யூ டெல்லவடோவா மில்வாக்கிக்குப் போய்விட்டார். மோ வில்லியம்ஸ் சீசன் தொடங்கும் முன்பே ஓய்வு என்று சொல்லிவிட்டார். எர்விங்குக்கு மாற்றாகப் பந்தைக் கொண்டுவர நம்பகமான ஆள் இல்லை. 32 வயதில் லெப்ரான் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.8 நிமிடம் ஆடிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் லீக்கிலேயே அதுதான் அதிகம். ஓர் ஆட்டம் 48 நிமிடம் (12 நிமிடமாக நான்கு குவார்ட்டர்), களத்தில் ஐந்து பேர், ஆக மொத்தம் 240 நிமிடம். நட்சத்திரத்திடமிருந்து நான்கு நிமிடத்தை எடுத்தால் அதை இன்னொருவர் தலையில் வைத்தாக வேண்டும். இரண்டாம் குவார்ட்டரின் தொடக்கத்திலும் நான்காம் குவார்ட்டரின் தொடக்கத்திலும் ஆட்டம் கைநழுவாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். அவர் கேட்டது அதைத்தான்.

அணியும் ஆட்களைக் கொண்டுவந்தது. ஜனவரி தொடக்கத்திலேயே கைல் கோர்வர் அட்லாண்டாவிலிருந்து வந்திருந்தார். பிப்ரவரி கடைசியில் டெரான் வில்லியம்ஸ், மார்ச்சில் ஆண்ட்ரூ போகட். மார்ச் 6, மயாமிக்கு எதிராக போகட்டின் முதல் ஆட்டம்: களமிறங்கிய 58-ஆவது வினாடியில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அத்தோடு அவர் சீசன் முடிந்தது.

இதை வைத்து “பெஞ்சில் ஆறிப்போய் உட்கார்ந்ததால்தான் முறிந்தது” என்று சொல்பவர்களும் உண்டு. தவறு. அது எதிரணி ஆட்டக்காரர் மீது மோதியதால் வந்த காயம். 22 வயதுக்காரருக்கும் வந்திருக்கும். அதே அணியில் அதற்கு மூன்று மாதம் முன்பு நடந்தது வேறு கதை. 38 வயது கிறிஸ் ஆண்டர்சனுக்கு 2016 டிசம்பரில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். நிமிடக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாத இடம் அதுதான்.

இப்போது அந்தப் “பத்து நிமிஷ”த்துக்கு வருகிறேன். ஸ்கோர்போர்டு கடிகாரத்தை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். வார்ம் அப் முடிகிறது. தேசிய கீதம், அணி அறிமுகம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பத்து நிமிடம். முதல் ஐவர் உடல் சூடு ஆறும் முன்பே ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். நம் சீனியர் உட்காருகிறார். முதல் குவார்ட்டரில் மூன்று நிமிடம் மீதி இருக்கும்போது அவரை இறக்குகிறீர்கள். கடிகாரத்தில் ஒன்பது நிமிட ஆட்டம். ஃபவுல், ஃப்ரீ த்ரோ, டைம் அவுட் எல்லாம் சேர்த்தால் நிஜத்தில் இருபது நிமிடம். ஆக அரை மணி நேரம் உட்கார்ந்த உடலோடு, ஏற்கெனவே வியர்த்து ஓடிக்கொண்டிருக்கும் 24 வயதுக்காரன் முன்னால் போய் நிற்கிறார். இரண்டாம் குவார்ட்டரில் நான்கு நிமிடம் ஆடிவிட்டு வெளியே வருகிறார். பிறகு அந்தக் குவார்ட்டரின் மிச்சம், 15 நிமிட இடைவேளை, முழு மூன்றாம் குவார்ட்டர். ஒரு மணி நேரத்துக்கும் மேல்! அதற்குப் பிறகு நான்காம் குவார்ட்டர் தொடக்கத்தில், ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, “போ” என்கிறீர்கள்.

ஒரே நாளில் இரண்டு முறை ஆறிய எஞ்சினை நேராக டாப் கியரில் போடுவது போன்ற வேலை இது. தொடர்ந்து 30 நிமிடம் ஆடுவதைவிட 35 வயதுக் கெண்டைக்காலுக்கு இந்தப் பத்து நிமிடம் கஷ்டமாகிவிடலாம். குறைந்த நேரம் என்பதால் சுமையும் குறைவு என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது: குறைவது நேரம்தான், வேகம் குறைவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வாரம் மூன்று ஆட்டம், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம் என்று ஒரு மாதம் போனால் அவருடைய உடல் எட்டு நிமிடத்துக்குத்தான் பழகியிருக்கும். முதல் ஐவரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் அடுத்த நாளே இவரை 32 நிமிடம் ஆடவைக்கிறார்கள். கெண்டைச் சதை, தொடையின் பின்சதை, குதிகால் தசைநாண் மூன்றும் இப்படித்தான் போகின்றன. பருவத்தின் நடுவில் பழைய அணி விடுவித்து வருகிற ஆட்டக்காரரிடம் இன்னும் கவனம் வேண்டும். மார்ச் 1-க்குள் விடுவிக்கப்பட்டால்தான் புது அணிக்காக பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் கோப்பைக்கான சுற்று) ஆடலாம் என்பது என்.பி.ஏ. விதி. அதனால் பிப்ரவரி கடைசியில் கூட்டமாக வருகிறார்கள். அதில் பலர் அதற்கு முன் சில வாரங்கள் ஆட்டமே ஆடியிருக்க மாட்டார்கள்.

முறையாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு ரே ஆலன் இருக்கிறார். 2012-13 சீசனில் மயாமிக்கு வந்தபோது 37 வயது. 79 ஆட்டம், ஒன்றில்கூட முதல் ஐவரில் இல்லை. சராசரியாக 25 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே மைதானத்துக்கு வந்து ஷாட் போட்டுப் பழகுபவர். 2013 ஜூன் 18, இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 5.2 வினாடி மிச்சமிருக்கையில், பின்னோக்கி ஓடி மூலைக்குப் போய்ப் போட்ட அந்த த்ரீ பாயிண்டர் (தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) திடீரென்று வந்ததல்ல; அந்தக் கால்வைப்பையே அவர் பயிற்சியில் பழகி வைத்திருந்தார். மறுபக்கம், 2021-22 லேக்கர்ஸ்: லெப்ரானைச் சுற்றி கார்மெலோ ஆந்தனி, டுவைட் ஹவர்ட், ரஜான் ராண்டோ, ட்ரெவர் அரீசா என்று சீனியர்களாகவே சேர்த்தார்கள். அரீசா கணுக்கால் அறுவை சிகிச்சையால் டிசம்பர் வரை களமிறங்கவே இல்லை. முடிவு 33 வெற்றி, 49 தோல்வி, பிளேஆஃபும் இல்லை. காயம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் ஓய்வெடுத்தால் இன்னொரு வயதானவர் தலையில்தான் அந்த நிமிடங்கள் விழும் என்கிற அமைப்பே ஆபத்தானது. பெஞ்சில் இரண்டு சீனியர், மிச்சம் இளங்கால்கள் என்று வையுங்கள்.

சரி, என்ன செய்யவேண்டும்? ஆட்டத்துக்கு முன் முதல் ஐவர் செய்யும் அதே வார்ம் அப்பை சீனியரும் முழுதாகச் செய்யட்டும். “நீ அப்புறம்தானே” என்று யாரும் பாதியில் நிறுத்தவேண்டாம். உட்காரும்போது டிராக் சூட்டைக் கழற்றவே கூடாது, ஏ.சி. அரங்கத்தில் இது கட்டாயம். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்கவேண்டும். சைக்கிள் இருந்தால் உள்வழியில் வைத்து மெதுவாக மிதிக்கலாம். இல்லாவிட்டால் பெஞ்சுக்குப் பின்னால் நடந்தாலே போதும்.

பயிற்சியாளர்களே, தயவுசெய்து சீனியரின் பெயரைக் கடைசி நொடியில் கூப்பிடாதீர்கள். நான்கு நிமிடம் முன்னதாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இருபது முறை குதிகாலைத் தூக்கி இறக்கட்டும், பத்து ஸ்குவாட், பக்கவாட்டில் இரண்டு மூன்று நகர்வு, கடைசியில் மூன்று குதி. அதன் பிறகு ஸ்கோரர் மேசைக்குப் போகட்டும். இடைவேளையில் உபதேசத்தை மூன்று நிமிடம் குறைத்து அவரை முன்னதாக வெளியே அனுப்புங்கள். குறுகிய ஓட்டம் நான்கு, அவர் நிஜமாக ஷாட் போடும் இடங்களிலிருந்து பத்துப் பதினைந்து ஷாட்.

உள்ளே போனதும் முதல் இரண்டு மூன்று பொசெஷனில் (ஒரு அணியிடம் பந்து இருக்கும் முறை) எதிரணியின் வேகமான கார்டை (பந்தைக் கொண்டுவரும் ஆட்டக்காரரை) துரத்தும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். ஒரேயடியாகப் பன்னிரண்டு நிமிடம் என்று இழுக்காமல் ஐந்து, ஐந்தாகப் பிரியுங்கள். ஆட்டத்தில் நேரமே கிடைக்காத நாளில், முடிந்த பிறகோ மறுநாள் காலையிலோ மூன்றுக்கு மூன்று ஆட்டம் பதினைந்து நிமிடம். இதைத் தண்டனையாக நினைத்து முகம் சுளிக்கும் சீனியர்கள் உண்டு. அதுதான் உங்கள் அடுத்த மாதத்துக்கான காப்பீடு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒற்றைக் காலில் குதிகால் தூக்கும் பயிற்சி, மூன்று செட், 12 முதல் 15 முறை. முழங்காலை நீட்டி ஒரு நாள், மடக்கி ஒரு நாள். இரண்டும் வேண்டும், வேலை செய்யும் சதை வேறு வேறு. எட்டு நிமிடக்காரரை 15, 20 என்று படிப்படியாகத்தான் ஏற்றவேண்டும்.

சீனியர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகால் விறைப்பாக இருந்தால், அது பத்து நாளாகியும் போகாவிட்டால், வலி மாத்திரை போட்டுக்கொண்டு களமிறங்காதீர்கள். வலி மறையும், பிரச்சினை மறையாது. அந்தத் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை என்றால், அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். எண்ணெய் போட்டு நீவி விடுவதும் வேண்டாம், நொண்டியபடி நடந்து காட்டுவதும் வேண்டாம். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டியபடியே கட்டி, அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.