மின்னஞ்சல் ஒன்றுதான், ஆளும் ஒன்றா?

இணையச் செயலிகளின் பாதுகாப்பைச் சோதித்துத் தருவது என் வேலை. சோஷியல் லாகினில், அதாவது கூகுள், ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டே வேறொரு செயலிக்குள் நுழையும் முறையில், ஒரே ஓட்டையை மறுபடி மறுபடி பார்த்து அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்தது இது. ஒரு செயலியின் பயனர், தன் கணக்கில் தான் செய்யாத மாற்றங்கள் நடப்பதாகப் புகார் கொடுத்திருந்தார். அவர் உள்ளே வருவது கூகுள் மூலமாக மட்டுமே. கூகுள் பாஸ்வேர்டை மாற்றினார், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக்கொண்டார். மாற்றங்கள் நிற்கவில்லை. 'உங்கள் கூகுள் கணக்கு திருடுபோயிருக்கலாம்' என்றே உதவிக்குழு பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. பாவம் அந்த மனிதர். அவருடைய கூகுள் கணக்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

நடந்தது இதுதான். அவர் அந்தச் செயலிக்கு வருவதற்கு முன்பே, வேறு யாரோ அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்து, தன் விருப்பப்படி ஒரு பாஸ்வேர்டும் வைத்து, அங்கே கணக்குத் தொடங்கிவிட்டார். சரிபார்ப்பு மின்னஞ்சல் போனது. ஆனால் அதைத் திறந்து உறுதிசெய்யாமலே கணக்கைப் பயன்படுத்த முடிந்தது. பிறகு உண்மையான உரிமையாளர் வந்து கூகுள் பொத்தானை அழுத்தினார். 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதே' என்று பார்த்த கோட், இரண்டையும் கேள்வியே கேட்காமல் இணைத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கணக்குக்கு இரண்டு சாவிகள். ஒன்றை அவர் எத்தனை முறை மாற்றினாலும் மற்றொன்று வேறொருவர் கையில் இருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அவினாஷ் சுதோதனன், ஆண்ட்ரூ பாவர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-லேயே இந்த வகைத் தாக்குதல்களை விரிவாக எழுதிவிட்டார்கள். பிரபலமான 75 சேவைகளைச் சோதித்ததில் குறைந்தது 35 சேவைகளில் ஏதாவதொரு வடிவில் ஓட்டை இருந்தது. அதற்குப் பிறகும் அதே இணைப்புக் கோட் புதுச் செயலிகளில் வந்துகொண்டே இருக்கிறது.

'கூகுளே இவர்தான் என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன சந்தேகம்?' என்று டெவலப்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கூகுள் என்ன சொல்கிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். 'இப்போது என்னிடம் வந்தவரின் அடையாள எண் இது, அவருக்காக நான் வைத்திருக்கும் மின்னஞ்சல் இது.' அவ்வளவுதான். உங்கள் டேட்டாபேஸில் அதே மின்னஞ்சலோடு கிடக்கும் பழைய கணக்கும் இவருடையதுதான் என்று கூகுள் சொல்லவில்லை. உங்கள் டேட்டாபேஸில் என்ன இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அந்த முடிவை எடுத்தது நீங்கள். பொறுப்பும் உங்களுடையது.

மின்னஞ்சல் என்பது ஆள் அல்ல. வேலையை விட்டுப் போனவரின் அலுவலக முகவரியைப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்கிறார்கள். மூடப்பட்ட நிறுவனத்தின் டொமைனை இன்னொருவர் வாங்கி, பழைய ஊழியர்களின் முகவரிகளை அப்படியே திரும்ப உருவாக்க முடியும். முகவரி அதே, ஆள் வேறு. இதை எதிர்பார்த்துத்தான் 2014-இல் வந்த, இந்த வகை லாகினுக்கான ஓப்பன்ஐடி கனெக்ட் தரநிலை தெளிவாகச் சொல்கிறது: ஒரு பயனரை அடையாளம் காண 'இஸ்' (iss), 'சப்' (sub) ஆகிய இரண்டு மதிப்புகளையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும். 'இஸ்' என்பது டோக்கனை, அதாவது கூகுள் போன்றவர் அனுப்பும் கையொப்பமிட்ட அடையாளச் சீட்டை, கொடுத்தவர் யார் என்பது. 'சப்' என்பது அவரிடம் அந்தப் பயனருக்கு உள்ள அடையாளம். அது ஒருபோதும் வேறொருவருக்குப் போகாது. இந்த ஜோடிதான் உங்கள் டேட்டாபேஸில் சாவியாக இருக்க வேண்டும். மின்னஞ்சல், கடிதம் அனுப்புவதற்கு மட்டும்.

இங்கே இன்னொன்று. கூகுளின் 'சப்' பார்க்க எண் போல இருக்கும். அதை எண்ணாகச் சேமிக்காதீர்கள். பெரும்பாலும் 21 இலக்கம் வரும், கணினி வழக்கமாக ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட்டில் அடங்காது. ஜாவாஸ்கிரிப்ட் கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். எழுத்துச் சரமாகவே வையுங்கள், 255 எழுத்து வரை இடம் விடுங்கள்.

கூகுளோடு நிறுத்தாமல் இரண்டாவது, மூன்றாவது பொத்தானைச் சேர்க்கும்போது சிக்கல் இன்னும் கூடும். ஒவ்வொருவரும் மின்னஞ்சலை ஒரே அளவு கவனத்தோடு சரிபார்ப்பதில்லை. நிறுவனங்களின் பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் ஏடி சேவையில், தன் சொந்த நிறுவனக் கணக்கின் நிர்வாகி ஒருவர் பயனரின் மின்னஞ்சல் இடத்தில் யாருடைய முகவரியையும் எழுதிவைக்க முடிந்தது. 2023-இல் அது வெளிச்சத்துக்கு வந்தபோது சிக்கியது யார்? மின்னஞ்சலை வைத்து ஆளைத் தேடிய செயலிகள்தான். ஃபேஸ்புக்கில் தொலைபேசி எண்ணோடு சேர்ந்தவருக்கு மின்னஞ்சலே வராமல் போகலாம். ஆப்பிள் பயனர் தன் முகவரியை மறைத்தால் இடைமுகவரிதான் கிடைக்கும். பயனரின் பெயரையும் ஆப்பிள் முதல் தடவை மட்டும்தான் தரும், அப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன?

புதிய 'சப்' வந்து, அதன் மின்னஞ்சல் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், தானாக இணைக்காதீர்கள். 'இந்த முகவரியில் ஒரு கணக்கு இருக்கிறது, முதலில் அதில் உள்ளே வாருங்கள்' என்று கேளுங்கள். வந்த பிறகு, கணக்கு அமைப்புப் பக்கத்தில் அவரே கூகுளைச் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு நிமிடக் கூடுதல் வேலை என்று தயாரிப்பு மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரிபார்க்காத மின்னஞ்சலோடு எந்தக் கணக்கையும் இயங்க விடாதீர்கள்.

பிரவுசர் அனுப்பும் மின்னஞ்சலை நம்பி லாகின் செய்துவிடும் சர்வர்களை இன்றும் பார்க்கிறேன். இதற்கு மன்னிப்பே கிடையாது. அந்த வேண்டுகோளை யார் வேண்டுமானாலும் கையால் எழுதி அனுப்பலாம். மேலே சொன்ன அடையாளச் சீட்டான ஐடி டோக்கனை வாங்கி, கையொப்பம், காலாவதி நேரம், கொடுத்தவர் யார், யாருக்காகக் கொடுத்தார் என்று நான்கையும் சர்வரில் சோதியுங்கள். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வேறொரு செயலிக்காகக் கொடுத்த டோக்கனை உங்கள் செயலி ஏற்றுக்கொண்டால், அந்தச் செயலியை நடத்துபவர் உங்கள் பயனராக உள்ளே வரலாம்.

லாகினைத் தொடங்கிய அதே பிரவுசர்தான் திரும்பி வந்ததா என்று பார்க்கும் 'ஸ்டேட்' மதிப்பு, இடையில் திருடிய குறியீட்டை வேறொருவர் பயன்படுத்த விடாத பிக்ஸி (PKCE), லாகின் முடிந்து திரும்பும் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது இவையெல்லாம் உங்களுக்கே தெரியும், செய்யுங்கள். டோக்கனை நேராகப் பிரவுசரின் முகவரியிலேயே தந்துவிடும் இம்ப்ளிசிட் முறையை, 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற பாதுகாப்பு வழிகாட்டி தவிர்க்கவே சொல்கிறது, புதிய வேலையில் அதைத் தொடாதீர்கள். உங்கள் செயலியை கூகுளுக்கு அடையாளம் காட்டும் ரகசியச் சொல்லான க்ளையன்ட் சீக்ரெட்டை, கோடின் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் கிட்டில் (Git) போடாதீர்கள். போட்டிருந்தால் அழித்தால் மட்டும் போதாது, புதியதை வாங்குங்கள்.

ஏற்கெனவே மின்னஞ்சலை வைத்து இணைத்துவிட்டவர்கள், இன்றே டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டும் சோஷியல் லாகினும் இரண்டுமே உள்ள கணக்குகளில், மின்னஞ்சல் சரிபார்க்கப்படும் முன்பே பாஸ்வேர்டு வைக்கப்பட்டவை எவை என்று பிரித்தெடுங்கள். அந்தப் பாஸ்வேர்டுகளை நீக்குங்கள். திறந்திருக்கும் எல்லா செஷன்களையும், அதாவது உள்நுழைந்தபடியே இருக்கும் இணைப்புகளையும், மூடுங்கள், வேறு நிரல்கள் அந்தக் கணக்குக்குள் வரக் கொடுத்த ஏபிஐ சாவிகளையும் சேர்த்து. மீட்பு மின்னஞ்சல், தொலைபேசி எண் என்று அந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பவற்றையும் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அவற்றின் வழியாகத் திரும்ப வர முடியும். அப்புறம் என்ன நடந்தது என்று அந்தப் பயனர்களுக்கு மறைக்காமல் எழுதுங்கள்.