குறட்டை விடுபவருக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது

உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் உள்ளவர் விழித்திருக்கும்வரை சுகமாக மூச்சு விடுவார். நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் தசை அவருக்குக் கூடுதலாக உழைத்துத் தொண்டையைத் திறந்து வைக்கிறது. மிடசோலம், ப்ரோபோஃபால் போன்ற மயக்க மருந்து ஏறியதும் அந்தத் தசை தளர, நாக்கு பின்னால் சரிந்து வழியை மூடிவிடுகிறது. வீட்டில் தூங்கும்போது மூச்சு அடைத்தால் மூளை உலுக்கி எழுப்பிவிடும். மருந்து அந்த விழிப்பையும் அடக்கிவிடுவதுதான் ஆபத்து.

நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் 'ஸ்டாப்-பேங்' என்ற 8 கேள்விகளை முன்பே கேட்டுவிட வேண்டும்: குறட்டை, பகல் சோர்வு, உறக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, உயர் ரத்த அழுத்தம், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 35க்கு மேலா, வயது 50க்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா. ஐந்துக்கு மேல் 'ஆம்' வந்தாலும், சரியாக ஐந்தே வந்தாலும் ஆபத்து அதிகம். மூச்சு நின்றதா என்பதை நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

மேசையில் தலைப்பக்கத்தைச் சுமார் 30 டிகிரி உயர்த்தி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்முனையும் ஒரே மட்டத்தில் வரும்படி தலையணை வைக்க வேண்டும். மருந்தைச் சிறுசிறு அளவாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் வேலை செய்யும்வரை பொறுக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசியால் வலியை அடக்க முடிந்தால் மயக்கமே குறைவாகப் போதும். டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மயக்க மருந்து மூச்சை அதிகம் அடக்காது, ஆனால் நாடித்துடிப்பைக் குறைக்கும். தொண்டை அடையவே அடையாது என்றும் சொல்ல முடியாது.

ரத்தத்தில் ஆக்சிஜனைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. மூக்கு வழியாக ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்று சில நிமிடம் ஆன பிறகும் அது 99 சதவீதம் காட்டலாம். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் அலை உடனே படுத்துவிடும். அப்போது நோயாளியின் மார்பைப் பாருங்கள். மார்பு உள்வாங்கி வயிறு எழும்பினால் முயற்சி இருக்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது: மருந்தை நிறுத்தி, தாடையின் இரு கோணங்களையும் முன்னால் தள்ளுங்கள், போதாவிட்டால் மூக்கு வழியே மென்குழாய் செருகுங்கள். மார்பு அசையவே இல்லையென்றால் மூளை மூச்சுக்கு உத்தரவு தரவில்லை. பேர் சொல்லித் தட்டி எழுப்புங்கள், எழாவிட்டால் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுங்கள்.

உறக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைச் சொந்தமாக வைத்திருப்பவர் அதையும் கொண்டுவர வேண்டும். முடிந்தபின் மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்தோ தலையை உயர்த்தியோ வையுங்கள். யாரும் பேச்சுக் கொடுக்காமல், கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் வெறும் காற்றில், உறங்கவிட்டுப் பார்த்தும் ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை என்றால்தான் வீட்டுக்கு அனுப்பலாம். அங்கே பகலில் கண்ணயர்ந்தாலும் சிபாப் மாட்ட வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது.