கோ-லெண்டிங்: சேர்வது யார்?

இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு துண்டறிக்கையை நீட்டினார். "கூட்டுக் கடன்னு போட்டிருக்கு. அப்ப வீட்டுக்காரியும் கையெழுத்துப் போடணுமா தம்பி?" வாங்கிப் படித்தேன். அதில் மனைவியைப் பற்றிப் பேச்சே இல்லை. கோ-லெண்டிங் என்பதை யாரோ அப்படித் தமிழாக்கி வைத்திருந்தார்கள்.

அவர் புரிந்துகொண்டதில் தப்பில்லை. கூட்டுப் பட்டா என்றால் பல பேர் பெயரில் ஒரே பட்டா. கூட்டுக் கடன் என்றால் பல பேர் சேர்ந்து வாங்கிய கடன் என்றுதான் யாருக்கும் தோன்றும். கோ-லெண்டிங்கில் சேர்வதோ கொடுக்கிறவர்கள். ஒரு வங்கியும், நாம் பேச்சில் 'பைனான்ஸ்' என்கிற வங்கிசாரா நிதி நிறுவனமும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு, ஒரே கடனில் ஆளுக்கொரு பங்கு பணம் போடுகின்றன. வட்டி வரவிலும், கடன் வராமல் போகும் ஆபத்திலும் இருவருக்கும் பங்கு உண்டு. வங்கியிடம் மலிவான டெபாசிட் பணம் இருக்கிறது. பைனான்ஸ்காரருக்கோ தெருவில் நின்று சத்தத்தை வைத்தே எத்தனை தறி ஓடுகிறது என்று சொல்லத் தெரியும்.

ஆங்கிலத்தில் 'லெண்ட்' கொடுப்பதை மட்டும் குறிக்கும். வாங்குவதற்கு 'பாரோ' என்று வேறு சொல். 'கோ' லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு, 'உடன்' என்று பொருள். ஆகவே அங்கே குழப்பம் இல்லை. நம் 'கடன்' அப்படியல்ல. அதன் பழைய பொருள் கடமை. காலைக்கடனிலும், சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் செலுத்தும் நேர்த்திக்கடனிலும் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. பணம் என்று வரும்போது கொடுத்ததும் கடன், வாங்கியதும் கடன். "கடன்காரன் வாசல்ல நிக்கிறான்" என்றால் கொடுத்தவன். "கடன்காரன் ஆயிட்டேன்" என்றால் வாங்கியவன். திசை காட்டாத இந்தச் சொல்லின் முன்னால் 'கூட்டு' சேர்த்தால் அண்ணன் கேட்ட கேள்விதான் வரும்.

ஆங்கிலப் பெயரும் இடையில் மாறியதுதான். 2018-இல் ரிசர்வ் வங்கி இதை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக் கடன்களுக்குக் கொண்டுவந்தபோது பெயர் 'கோ-ஒரிஜினேஷன்', அதாவது சேர்ந்து தோற்றுவித்தல். 2020 நவம்பரில் அது கோ-லெண்டிங் ஆனது. பைனான்ஸ் கொடுத்து முடித்த கடனில் வங்கி பிறகு பார்த்துப் பங்கு எடுத்துக்கொள்ளவும் அப்போது வழி இருந்ததால், சேர்ந்து தோற்றுவித்தல் என்ற பெயர் பொருந்தியிருக்காது. 2025 ஆகஸ்டில் வந்த விதிகள் முன்னுரிமைத் துறை என்ற வேலியை எடுத்துவிட்டன. ஒவ்வொரு கடனிலும் ஒவ்வொரு தரப்பும் குறைந்தது 10 சதவீதத்தைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். முந்தைய விதியில் பைனான்ஸின் பங்கு குறைந்தது 20.

வாங்குகிறவருக்கு வட்டி ஒன்றே. ஒரு கணக்குக்காக, கடனில் நூற்றுக்கு 80 பங்கை வங்கி 10 சதவீத வட்டிக்கும், மீதி 20 பங்கை பைனான்ஸ் 16 சதவீத வட்டிக்கும் தருவதாக வைத்துக்கொள்வோம். 8-உம் 3.2-உம் சேர்ந்து 11.2 சதவீதம். கட்டணம் ஏதும் இருந்தால் அது தனி. யாரிடம் பேச வேண்டும், எந்தத் தரப்புக்கு என்ன பொறுப்பு என்பதெல்லாம் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குப் பல வங்கிகள் கூடித் தரும் கடன் வேறு; இந்த விதிகள் அதைத் தொடுவதில்லை.

தமிழில் 'இணைக் கடன்' என்று எழுதினாலும் பழைய குழப்பம்தான். 'அளிப்பு' வந்தே ஆக வேண்டும். 'இணைக் கடனளிப்பு' என்பதே என் தேர்வு. கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறதுதான். துண்டறிக்கையில் 'இருவர் சேர்ந்து தரும் கடன்' என்று போட்டால் இன்னும் நல்லது.

அண்ணனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "பாவு ஒருத்தரு, ஊடை ஒருத்தரு, சேலை ஒண்ணு. இப்படிச் சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமே தம்பி" என்றார்.