‘இனிப்பு நீர் மருந்து’ என்று ஒரு மருந்து கிடையாது

“என்ன மருந்து சாப்பிடுறீங்க ஐயா?”

“இனிப்பு நீர் மருந்துதான்.”

“எந்த மருந்து?”

“வெள்ளையா, நீளமா இருக்குமே, அது. காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. அப்புறம் ஒரு நீலப் பேனா.”

செந்தூலோ பிரிக்ஃபீல்ட்ஸோ, கோலாலம்பூரில் எந்த ஃபார்மசி கவுண்டரிலும் தினமும் கேட்கிற பேச்சு இது. பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் சீட்டும் பெரிய உதவி செய்வதில்லை. மெட்ஃபோர்மின், கிளிக்லசைட், சிட்டாகிளிப்டின் என மூன்று பொட்டலம் இருந்தால் மூன்றிலும் ‘உபாட் கென்சிங் மானிஸ்’ என்றுதான் மலாயில் எழுதியிருக்கும். ‘இனிப்பு நீர் மருந்து’, அதாவது நீரிழிவு மருந்து என்று அர்த்தம். மேலே மருந்தின் பெயரும் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. எல்லாம் ஒன்றுதான், ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைக் கூட்டிக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி முடிவு கட்டுகிறவர்களின் வயதும் ஊரும் மாறலாம், நடப்பது மட்டும் மாறுவதில்லை. கிளினிக்கில் புதிதாக இன்சுலின் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ‘ஊசி போட்டால் கிட்னி போய்விடும்’ என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். இன்சுலின் ஊசிப் பேனா ஐஸ்பெட்டிக்குள் போய்விடும். ஈடுகட்டுவதற்குக் கிளிக்லசைட்டை இரண்டு மடங்காக்கிக்கொள்வார்கள். ஒருநாள் இரவுச் சாப்பாடு சரியாக இறங்காது. விடிகாலையில் வீட்டார் எழுப்பினால் எழமாட்டார், உடம்பு வியர்வையில் நனைந்திருக்கும், குளுக்கோமீட்டரில் சர்க்கரை 2 சொச்சம் காட்டும் (4க்குக் கீழே என்றாலே ஆபத்து). ஊசிக்குப் பயந்தவரை அவசரப் பிரிவுக்கு அனுப்பியது, ‘வெறும் மாத்திரைதானே’ என்று அவர் நம்பிய மாத்திரை.

இந்தக் கிட்னிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. காலை வெட்டி எடுக்க வைக்காது. கண்ணை மறைக்காது. அது உங்கள் கணையம் பிறந்ததிலிருந்து சுரந்துவரும் பொருள்தான். ‘டயாலிசிஸ் சென்டரில் உட்கார்ந்திருக்கிற எல்லாருமே ஊசி போடுகிறவர்கள்’ என்பார்கள். பார்த்தது சரிதான். ஆனால் வீடு எரிகிற இடத்தில் எல்லாம் பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி நிற்கிறது, அதனால் பொம்பாதான் தீ வைத்தது என்று சொல்வீர்களா? பத்து வருடம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 10, 11 என்று கட்டுக்கடங்காமல் ஓடவிட்டு, இன்சுலினைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கால் வீங்கிய பிறகு ஒப்புக்கொண்டால், ஊசி தொடங்கிய வருடமும் கிட்னி பழுதென்று தெரிந்த வருடமும் ஒன்றாகத்தான் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீரகம் பழுதானபின் மெட்ஃபோர்மினை நிறுத்தியாக வேண்டும், வேறு பல மாத்திரைகளையும் குறைக்க அல்லது நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நிலையிலும் அளவைக் குறைத்துக் கொடுக்க முடிகிற மருந்து இன்சுலின். டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவர் கையில் பேனா இருப்பதற்கு அதுவே காரணம்.

‘கடைசிக் கட்டம்’ என்ற பேச்சும் அப்படித்தான். இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்பதை 1990களில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு முதலே மருத்துவ உலகம் அறியும். மீதியும் வருடா வருடம் குறையும். போதாததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். பெரும்பாலும் படுக்கும் முன் 10 யூனிட்டில் தொடங்கி, விடிகாலை அளவைப் பார்த்து இரண்டு இரண்டாகக் கூட்டுவார்கள். யூனிட் எண்ணிக்கை நோயின் மார்க் இல்லை. ‘அவருக்கு 12தான், எனக்கு 30’ என்று ஒப்பிட்டு வருந்தாதீர்கள். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இந்த விவாதமே கிடையாது. அவர்களுக்கு இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

இன்சுலின் ஒரே சாமான் இல்லை. சாப்பாட்டுக்கானது ஒன்று, நாள் முழுதும் அடித்தளமாக நிற்பது ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று. ஆக்ட்ராபிட், இன்சுஜென்-ஆர் போன்ற சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு போட வேண்டும். நோவோராபிட், ஹியூமலாக் போன்ற அதிவேக வகை பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். தட்டு முன்னால் வந்தபிறகு போடுவதே நல்லது. மாமாக் கடையில் ரொட்டி சானாய் ஆர்டர் கொடுத்த கையோடு போட்டுவிட்டு, கூட்டத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தால் கைநடுக்கம்தான் முதலில் வரும். இன்சுலாட்டார்ட் போன்ற மங்கலான வகை நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். படுக்கும்போது என்று எழுதியிருப்பதை ஏழு மணிக்கே போட்டுவிட்டு ஒன்பதுக்குத் தூங்கினால், உச்சம் நடுநிசியில் வருகிறது, பார்க்க ஆள் இல்லை. மிக்ஸ்டார்ட் 30, இன்சுஜென் 30/70 இவை கலவை. காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் அரை மணி முன்பு. போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். கிளார்ஜின், டெக்லுடெக் நீண்ட நேரம் நிற்பவை, சாப்பாட்டோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. கிளார்ஜினை தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும்.

தெளிவாக இருந்தால் வேகமானது, மங்கலாக இருந்தால் மெதுவானது என்று பழைய ஆட்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். கிளார்ஜினும் தண்ணீர் போலத் தெளிவாகத்தான் இருக்கும். இரவு 20 யூனிட் கிளார்ஜின் போடுவதாக நினைத்து 20 யூனிட் நோவோராபிட்டைப் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பெயரைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் ஒரு பேனாவில் ரப்பர் பேண்டைச் சுற்றி வையுங்கள், விரல் சொல்லும். வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூட்டைட் இன்சுலினே இல்லை. ‘வார இன்சுலின்’ என்று நினைத்து தினசரி ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

போடும் முறையில்தான் பாதி மருந்து வீணாகிறது. மங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் கவிழ்த்து, பால் போல ஒரே சீராக வரும்வரை கலக்க வேண்டும். கலக்காமல் போட்டால் இன்று பாதி, நாளை இரண்டு மடங்கு. புது ஊசியை மாட்டி, 2 யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தி, நுனியில் துளி வருகிறதா பாருங்கள். துளி வராவிட்டால் உள்ளே போவது காற்று. நேராகக் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள். பிறகு ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்று புகும். தொப்புளுக்குப் பக்கத்தில் ‘இங்கதான் வலிக்காது’ என்று ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி வந்தவர்கள் ஏராளம். அந்தக் கட்டியில் வலிக்காது, உண்மைதான், மருந்தும் சரியாக உள்ளே இறங்காது. அதைப் பார்க்காமல் யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு நல்ல தோலில் அதே அளவைப் போட்டால் சர்க்கரை திடீரென்று விழும். கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

திறக்காத பேனா ஐஸ்பெட்டியில், 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரீசரில் வேண்டாம், ஒருமுறை உறைந்தால் குப்பைதான். பயன்பாட்டில் இருப்பதை 30 டிகிரிக்குக் கீழே வெளியில் வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்கு 28 நாள், சிலவற்றுக்கு ஆறு வாரம், பெட்டியில் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலில் நிறுத்தின காரின் டேஷ்போர்டும் மோட்டார் சைக்கிள் பெட்டியும் இன்சுலினுக்கு அடுப்பு.

மாத்திரைகளுக்கு வருவோம். மெட்ஃபோர்மின் சாப்பாட்டோடு. தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்குவது அரிது. வயிறு புரட்டும், பேதியாகும், அளவை மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். நீண்டநேர வகையை உடைக்காதீர்கள். அதன் கூடு மலத்தில் முழு மாத்திரை போல வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது. கிட்னியைக் கெடுக்கும் என்ற பழி இதற்கும் உண்டு, அதுவும் பொய். சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைக்கிறோம், 30க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். மருந்து வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கும் என்பதால்தான். பல வருடம் எடுப்பவர்கள், முக்கியமாகச் சைவர்கள், பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்துப்போனால் எல்லாப் பழியையும் சர்க்கரையின்மேல் போடாதீர்கள்.

கிளிக்லசைட் வேறு சாதி. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை எடுக்கும். 80 மில்லிகிராம் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் எம்ஆர் வகை காலைச் சாப்பாட்டோடு, நாளுக்கு ஒருமுறை. எம்ஆர் 30 மில்லிகிராம், சாதாரண 80க்கு ஏறக்குறையச் சமம். ‘30 சின்னதுதானே’ என்று மூன்றைப் போடாதீர்கள். இதே குடும்பத்துப் பழைய மருந்து கிளிபென்கிளமைட் இன்னும் நீண்ட நேரம் நிற்கும், முதியவர்களுக்கும் கிட்னி பழுதானவர்களுக்கும் ஆபத்து. அலமாரியில் பழைய அட்டை கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இவை கிட்னிக்கும் இதயத்துக்கும் நன்மை செய்பவை. ஆனால் பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சை வரலாம், வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், பட்டினி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பும் பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் மீட்டரில் பெரிய எண் காட்டாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். வயிற்றுவலி, வாந்தி, மூச்சுவாங்கல் மூன்றும் சேர்ந்தால் மீட்டரை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

அரசுக் கிளினிக்கில் கிளிக்லசைட், தனியார் கிளினிக்கில் டயமைக்ரான். இரண்டும் ஒரே மருந்து. கால்வஸ் மெட், ஜானுமெட் மாத்திரைகளுக்குள்ளேயே மெட்ஃபோர்மின் இருக்கிறது, கூடத் தனி மெட்ஃபோர்மினும் விழுங்குகிறார்கள். இரண்டு டாக்டரைப் பார்ப்பதில் தவறில்லை, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரைப் பார்ப்பதில்தான் தவறு.

தைப்பூசம் வந்தால் ஃபார்மசியில் இருக்கும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒருவேளைச் சாப்பாட்டு விரதம், காலையில் வழக்கம்போலக் கிளிக்லசைட், ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குப் பதினைந்து கிலோமீட்டர் போல நடை, அப்புறம் 272 படி. விரதம் இருக்காதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்பே வந்து கேளுங்கள் என்றுதான் கெஞ்சுகிறோம். கிளிக்லசைட்டையும் கலவை இன்சுலினையும் எந்த வேளை, எவ்வளவு குறைப்பது, சிறுநீர்வழி மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை ஆளுக்கு ஆள் கணக்குப் போட வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் என்றால் உடனே அளந்து பாருங்கள். 4க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கும். தே ஓ கோசோங், அதாவது சீனி போடாத தேநீர், எதற்கும் உதவாது. 15 நிமிடத்தில் மறுபடி அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறியபின் ஏதாவது சாப்பிட வேண்டும். அக்கார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனி வேலை செய்யாது, அதை உடைக்கும் நொதியையே மருந்து தடுத்து வைத்திருக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் தூள்தான். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். கிளிக்லசைட்டால் விழுந்த சர்க்கரை ஏறினாலும் மறுபடி விழும். ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்துப் பார்க்கிறோம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரையை அங்கே வேறு அலகில் சொல்கிறார்கள். அங்கே 140 என்பது இங்கே 7.8. அங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்துப் பாருங்கள்.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விற்கும் ‘மூலிகை’ கேப்சூலில் மூன்றே நாளில் சர்க்கரை இறங்கினால் மகிழாதீர்கள். சோதனையில் கிளிபென்கிளமைட் கலந்திருந்த தயாரிப்புகள் பிடிபட்டிருக்கின்றன. டப்பாவில் எம்ஏஎல் என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், சந்தேகம் என்றால் கவுண்டரில் காட்டுங்கள்.

அடுத்த முறை வரும்போது சீட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். மேசை மேல் இருக்கிற பொட்டலம், கைப்பையில் இருக்கிற அட்டை, ஐஸ்பெட்டிக் கதவில் மறந்துபோன பேனா, மகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுவாருங்கள். தீர்ந்த ஊசிகளைக் கெட்டியான சோப்புத்தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடி, தனியாக எடுத்து வாருங்கள், குப்பைப் பையில் போட வேண்டாம்.